அடைக்கலம் என்பது ஆபத்தே வராது என்ற வாக்குறுதியா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், தேங்காப்பட்டணத்திலிருந்து மேற்கே கேரள எல்லையான நீரோடி வரை நீளும் கடற்கரை ஊர்களில், விவிலியப் பாடலான 91-ஆம் சங்கீதத்தின் ஏதாவது ஒரு வசனம் கண்ணில் படாமல் ஒரு தெருவைக் கடப்பது கடினம். வீட்டு நிலைப்படியின் மேலே, ஆட்டோவின் பின்கண்ணாடியில், ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் ஓட்டுநர் நிற்கும் அறைக்குள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையின் பக்க உறையில் என்று அது எங்கும் இருக்கிறது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. சபையார், இரட்சணிய சேனையார், பெந்தெகொஸ்தேயினர் ஆகிய அனைவரும் பொதுவாகச் சொல்லும் வேண்டுதல் ஒன்று உண்டென்றால் அது ‘ஆண்டவரே, நீரே எங்கள் அடைக்கலம்’ என்பதாகத்தான் இருக்கும்.

இவ்வளவு புழங்கும் சொல்லைப் பற்றி மக்களிடையே நிலவும் எண்ணங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. கடவுளிடம் அடைக்கலம் புகுந்தவனுக்குத் தீங்கு நேராது என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். அப்படியானால் தீங்கு நேர்ந்தவர் சரியாக நம்பவில்லை என்றாகிவிடுகிறது. கையாலாகாதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் இடமே அடைக்கலம் என்று இன்னொரு சாரார் நினைக்கிறார்கள். இரண்டு கருத்துகளுமே விவிலியத்தில் உள்ளதை அரைகுறையாகப் படித்ததால் வந்தவை என்பது என் கருத்து. எந்தச் சபையின் தனிக் கோட்பாட்டுக்குள்ளும் நுழையாமல், எல்லோருக்கும் பொதுவான நூல்பகுதிகளைக் கொண்டே இதை விளக்கப் பார்க்கிறேன்.

துறைமுகம் செய்வதும் செய்யாததும்

ஒரு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். கருங்கற்களையும் கான்கிரீட் பாறைகளையும் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்புச் சுவர், வெளிக்கடலின் சீற்றத்தைத் துளியும் குறைப்பதில்லை. ஆடி மாதத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் எழும் அலை எழுந்தபடியேதான் இருக்கும். சுவருக்கு இந்தப்பக்கம் கட்டிய படகைக் கொண்டுபோக மட்டும் அந்த அலையால் முடியாது. அதுவும் படகு முகத்துவாரத்தின் வழியே உள்ளே வந்து சேர்ந்தால்தான் உண்டு. உள்ளே வரும் அந்தச் சில நிமிடங்களே சில துறைமுகங்களில் மிகவும் ஆபத்தானவை என்பது இப்பகுதி மீனவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு: எந்தப் படகும் துறைமுகத்திலேயே கிடப்பதற்காகக் கட்டப்படுவதில்லை. பழுது பார்த்து, டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு, அதே கடலுக்கு அது திரும்பப் போகிறது.

விவிலியமே இந்த உவமையைக் கையாள்கிறது. கப்பலேறித் தொழிலுக்குப் போனவர்கள் புயலில் சிக்கி, அலையோடு ஏறியும் இறங்கியும் மதிமயங்கி, கடவுளை நோக்கிக் கூப்பிட்டதையும், அவர்கள் நாடிய துறைமுகத்தில் அவர் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததையும் 107-ஆம் சங்கீதம் பாடுகிறது. 46-ஆம் சங்கீதம் கடவுளை அடைக்கலமும் பெலனும் என்று அழைத்த அடுத்த மூச்சிலேயே, பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுக்கடலில் சாய்ந்தாலும், தண்ணீர்கள் கொந்தளித்துப் பொங்கினாலும் பயப்பட மாட்டோம் என்கிறது. மலை சாயாது என்றோ கடல் பொங்காது என்றோ அந்தப் பாடல் எங்கும் சொல்லவில்லை.

ஆக, இதுவரை கிடைத்தது இவ்வளவு: அடைக்கலம் புயலை நிறுத்துவதைப் பற்றிய பேச்சாக இல்லை, புயல் இருக்கும்போது ஒருவர் எங்கே, யாரோடு இருக்கிறார் என்பதைப் பற்றியதாக இருக்கிறது.

91-ஆம் சங்கீதத்தைக் கடைசிவரை வாசித்தால்

அப்படியானால் ‘உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது’ என்ற வசனத்தை என்ன செய்வது என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. அந்தச் சங்கீதத்தின் மொழி கவிதையின் மொழி; வேடனுடைய கண்ணி, கொள்ளைநோய், இரவின் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு என்று அடுக்கிச் சொல்லி, சிறகுகளின் கீழே ஒளித்துக்கொள்ளும் பறவையாகக் கடவுளை அது வரைகிறது. ஆனால் கவிதை என்று சொல்லி நழுவிவிட நான் விரும்பவில்லை, ஏனென்றால் இதே பாடலை உத்தரவாதப் பத்திரமாக வாசிக்கலாமா என்ற கேள்விக்கு விவிலியத்திலேயே நேரடியான பதில் இருக்கிறது.

மத்தேயு நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்தில் சோதனைக்காரனான சாத்தான் இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நிறுத்துகிறான். கீழே குதியும் என்கிறான். குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவன் எடுத்துக்காட்டும் ஆதாரம் 91-ஆம் சங்கீதம்: தூதர்கள் உம்மைத் தங்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள், உம்முடைய கால் கல்லில் இடறாது. வசனம் சரியாகத்தான் சொல்லப்படுகிறது. இயேசுவும் அந்த வசனம் பொய் என்று சொல்லவில்லை. ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்று பழைய ஏற்பாட்டு நூலான உபாகமத்திலிருந்து மறுமொழி கூறுகிறார். பரீட்சை பார்ப்பது என்றால், தானே ஓர் ஆபத்தை வலிய உண்டாக்கிக்கொண்டு, இப்போது காப்பாற்றிக் காட்டும் பார்க்கலாம் என்று கடவுளை நெருக்கடிக்குள் தள்ளுவது. எச்சரிக்கைக் கொடி ஏறிய பிறகும் வேண்டுதல் சொல்லிவிட்டோம் என்று படகை அவிழ்ப்பதும், மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்சுலினை விசுவாசத்தின் பேரால் நிறுத்துவதும் இந்த வகையைச் சேர்ந்தவை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்பது தெரியும். ஆனால் அந்த ஆலய உச்சியில் 91-ஆம் சங்கீதத்தை இப்படிப் பயன்படுத்தச் சொன்னவன் யார் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, நிலைப்படிகளில் அதிகம் இடம்பெறாத 15-ஆம் வசனத்துக்கு வருவோம். பாடலின் கடைசியில் கடவுளே பேசுகிறார்: ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து, அவனைத் தப்புவித்து, அவனைக் கனப்படுத்துவேன்.’ ஆபத்து அவனுக்கு வந்தே விட்டது என்பதை இந்த வரி சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. உடன் இருப்பது முதலில் வருகிறது. தப்புவிப்பது அதற்கு அப்புறம். முதல் பதினான்கு வசனங்களையும் இந்த வரியின் வெளிச்சத்தில் திரும்ப வாசித்தால், அந்தப் பாடல் ஆபத்து எட்டாத ஆளைப் பற்றிப் பேசவில்லை, ஆபத்தின் நடுவே கைவிடப்படாத ஆளைப் பற்றிப் பேசுகிறது என்று எனக்குத் தெரிகிறது.

ஓடிச்சென்று புகும் ஊர்கள்

அடைக்கலம் என்பது பழைய இஸ்ரவேலில் வெறும் உணர்வாக இருக்கவில்லை. அதற்கு ஊரும் வாசலும் சட்டமும் இருந்தன. அடைக்கலப் பட்டணம் என்பது, கைப்பிசகாக ஓர் உயிரைக் கொன்றுவிட்டவன், செத்தவனின் உறவினர் பழிவாங்கும் முன்பே ஓடிப்போய்ப் புகுந்துகொள்வதற்காக ஒதுக்கப்பட்ட ஊர். காட்டில் மரம் வெட்டும்போது கோடரியின் இரும்பு காம்பை விட்டுக் கழன்று, பக்கத்தில் நின்றவன்மேல் பட்டு அவன் இறந்துபோனால் என்ற உதாரணத்தை உபாகமமே தருகிறது. யோர்தானுக்கு மேற்கே கேதேஸ், சீகேம், எபிரோன், கிழக்கே பேசேர், ராமோத், கோலான், மொத்தம் ஆறு.

இந்த ஏற்பாட்டில் மூன்று செய்திகள் நம் கவனத்துக்கு உரியவை. ஓடுகிறவன் ஓட வேண்டும். அந்த ஊர் அவனைத் தேடி வருவதில்லை. ஆனால் அவன் ஓடுவதற்கான வழியை முன்கூட்டியே உண்டுபண்ணி வைப்பது சமூகத்தின் கடமை என்று உபாகமம் 19 சொல்கிறது. அந்த ஊர்கள் இஸ்ரவேலருக்கு மட்டுமன்றி அவர்களிடையே தங்கிய அந்நியருக்கும் பொது என்று எண்ணாகமம் 35 சொல்கிறது. திட்டமிட்டுக் கொலை செய்தவனுக்கோ அங்கே இடமில்லை. அவன் உள்ளே ஓடி ஒளிந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் பிடித்து ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை மறந்துவிட்டவர்களை நோக்கித்தான் தீர்க்கதரிசி எரேமியா எருசலேம் ஆலய வாசலில் நின்று பேசினார். திருடியும் கொலைசெய்தும் பொய்யாணையிட்டும் வாழ்ந்துவிட்டு, ‘இது கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்’ என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றால் பத்திரம் என்று நினைக்கிறீர்கள். இந்த ஆலயம் என்ன கள்ளர் குகையா என்று அவர் கேட்டார். கள்ளர் குகை என்பது களவு நடக்கும் இடமன்று. களவு முடிந்தபின் கள்ளர் பதுங்கும் இடம். ஆலயத்தை அப்படிப்பட்ட பதுங்கிடமாக ஆக்கியதுதான் குற்றச்சாட்டு. வட்டிக்கு விட்டு ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஓடவைத்தவர், அடுத்த வாரம் தனக்கு வந்த வழக்கிலிருந்து காக்கும்படி மெழுகுவர்த்தி ஏற்றும்போது எரேமியாவின் கேள்வி அவருக்கும் உரியதாகிறது.

நங்கூரம் இறக்கியவர்கள்

அடைக்கலம் புகுந்தவன் முயற்சி செய்யத் தேவையில்லை என்ற எண்ணத்துக்கு, கடலோர வாசகருக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தைவிடச் சிறந்த மறுப்பு கிடைக்காது. கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் பவுல் ஏறிய கப்பலில் 276 பேர் இருந்தார்கள். பருவம் தவறிவிட்டது, இனிப் பயணம் ஆபத்து என்று பவுல் சொன்னதை, கைதிகளுக்குப் பொறுப்பான ரோமப் படைத்தலைவனாகிய நூற்றுக்கு அதிபதி கேட்கவில்லை. மாலுமியையும் கப்பல் உடையவனையும் நம்பினான். யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மோதியது. பல நாள் சூரியனும் நட்சத்திரமும் தெரியவில்லை. அந்த நிலையில்தான், கப்பல் போய்விடும், ஆனால் ஓர் உயிரும் போகாது என்று தேவதூதன் தனக்குச் சொன்னதைப் பவுல் அறிவிக்கிறார்.

வாக்குறுதி கிடைத்தாயிற்று. அதன் பிறகு கப்பலில் நடந்தவற்றைக் கவனிக்க வேண்டும். பதினாலாம் இரவின் நடுச்சாமத்தில் கரை நெருங்குகிறது என்று கப்பலாட்கள் ஊகித்து, விழுது விட்டு ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி). சற்றுத் தள்ளி மறுபடியும் பார்க்கிறார்கள்: பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடக் கூடாதே என்று பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று காத்திருக்கிறார்கள். கப்பலாட்கள் சிலர் நங்கூரம் போடுவதுபோலப் பாசாங்கு செய்து சிறுபடகில் தப்பப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் யாரும் பிழைக்க மாட்டீர்கள் என்று பவுல்தான் தடுக்கிறார். பட்டினியாகக் கிடந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார். மீதமிருந்த கோதுமையைக் கடலில் எறிந்து பாரத்தைக் குறைக்கிறார்கள். விடிந்தபின் நீந்தத் தெரிந்தவர் நீந்தியும், தெரியாதவர் பலகையைப் பற்றியும் மெலித்தா என்ற தீவில், இன்றைய மால்ட்டாவில், கரையேறுகிறார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். கப்பல் உடைந்து போயிற்று.

ஓர் உயிரும் போகாது என்று வாக்குப் பெற்றவரே, அனுபவமுள்ள கப்பலாட்கள் இல்லாமல் பிழைக்க முடியாது என்று சொல்வதை நான் இந்த அதிகாரத்தின் உயிர்நாடி என்பேன். ஆழம் பார்க்கும் கயிறும் நங்கூரமும் நம்பிக்கைக்கு எதிரானவையாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. காப்பு வந்து சேர்ந்த வழியே அவைதான். அந்தக் கயிறு செய்த வேலையை இன்று செய்பவை எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும் லைஃப் ஜாக்கெட்டும் வானிலை அறிவிப்பும். அவற்றை வாங்குவதற்குச் செலவழித்த பணத்தை நம்பிக்கைக் குறைவின் அடையாளமாகப் பார்ப்பவர், பவுலைவிடத் தமக்கு விசுவாசம் அதிகம் என்று சொல்கிறார்.

சுருங்கச் சொன்னால், ஒருவர் தானாக ஆபத்தை உண்டாக்கிக்கொண்டு கடவுளைச் சோதிப்பதும் பிழை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இருப்பதும் பிழை.

முறையிடுவதும் அடைக்கலம் புகுவதே

அடைக்கலம் புகுவது என்றால் உண்மையில் என்ன செய்வது? இங்கே ஒரு கலைச்சொல் உதவும். புலம்பல் சங்கீதம் என்பது, துன்பத்தில் இருப்பவர் கடவுளிடமே முறையிட்டு, உதவி கேட்டு, நம்பிக்கையைச் சொல்லும் பாடல் வகை. 150 சங்கீதங்களில் மற்ற எந்த வகையையும்விட இவ்வகைப் பாடல்களே அதிகம். ஆனால் நம் ஆராதனைகளில் துதிப் பாடல்களுக்குக் கிடைக்கும் இடம் இவற்றுக்குக் கிடைப்பதில்லை. அழுதால் அவிசுவாசம் என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது அப்படியே நின்றுவிட்டது.

ஆறே வசனங்கள் கொண்ட 13-ஆம் சங்கீதத்தைப் பார்த்தால் போதும். முதல் இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை மறைப்பீர் என்று கேட்பவர், கடவுளைப் பற்றி மற்றவரிடம் குறை சொல்லவில்லை; கடவுளின் முகத்தைப் பார்த்தே கேட்கிறார். அடுத்த இரண்டு வசனங்கள் வேண்டுதல்: என்னைப் பாரும், எனக்குச் செவிகொடும், நான் செத்துப்போகாதபடி என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில் குரல் மாறுகிறது. உம்முடைய கிருபையை நம்பியிருக்கிறேன், கர்த்தரைப் பாடுவேன் என்கிறார். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் அவருடைய எதிரி விழுந்ததாகவோ நோய் குணமானதாகவோ ஒரு செய்தியும் இல்லை. வெளியே எதுவும் மாறாத நிலையில், சொல்ல வேண்டியதை ஒளிக்காமல் சொல்லி முடித்ததே அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. அடைக்கலத்தின் இயக்கம் இதுதான்: முறையீடு, வேண்டுதல், பிறகு ஒப்படைப்பு.

இந்த வரிசை எல்லோருக்கும் உடனே கைகூடும் என்று நினைக்க வேண்டாம். 88-ஆம் சங்கீதம் முறையீட்டோடு தொடங்கி, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போன இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஒப்படைப்பு வரவில்லை, நன்றிப் பாட்டு வரவில்லை. அப்படியிருந்தும் அது வேத புத்தகத்தில் வேண்டுதலாக இடம்பெற்றிருக்கிறது. பிள்ளையை இழந்த வீட்டில் போய் உட்கார்ந்து, துதி செய்யுங்கள் என்று வற்புறுத்துபவர்கள் இந்தப் பாடலை ஒருமுறை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

தப்பாதவர்கள்

பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று இளைஞர்கள், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, ‘விடுவிக்காமற்போனாலும்’ உம்முடைய தேவர்களை ஆராதிக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் தப்பினார்கள் என்பது நமக்குத் தெரியும். அதைச் சொன்னபோது அவர்களுக்குத் தெரியாது. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் ஒரே ஏரோது ராஜாவின் கையில், இயேசுவின் சீடர்களில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், பேதுரு சிறையிலிருந்து விடுவிக்கப்படுகிறார். யாக்கோபுக்கு நம்பிக்கை குறைவு என்று அந்நூல் எங்கும் சொல்லவில்லை. எபிரெயர் 11 விசுவாசிகளைப் பட்டியலிடும்போது பட்டயத்துக்குத் தப்பியவர்களையும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணிசெய்த நீலகண்ட பிள்ளை, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து மனம் உடைந்திருந்த காலத்தில், அதே மன்னரின் படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது மரபு. எல்லாம் இழந்தவனின் கதையைக் கேட்டு நம்பிக்கைக்கு வந்தவர் அவர். நம்பியபின் இழப்பு நிற்கவில்லை. சிறை, சித்திரவதை, நாடுகடத்தல் எல்லாம் பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அடைக்கலம் என்பது உயிர்ச்சேதம் இல்லாமல் இருப்பதுதான் என்றால் இந்த மனிதரைக் கடவுள் கைவிட்டார் என்றுதான் முடிவுகட்ட வேண்டும். கோட்டாறு பேராலயத்தில் உள்ள அவர் கல்லறைக்குப் போகும் ஒருவரும் அப்படி நினைத்துப் போவதில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து பல நாள் தொழிலுக்குப் போயிருந்தவர்களில் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. ஒரே தெருவில், ஒரே ஜெபமாலையைச் சொல்லும் வீடுகளில், ஓர் ஆள் திரும்பினார், பக்கத்து வீட்டு ஆள் திரும்பவில்லை. திரும்பியவரின் வீட்டார் நன்றி சொல்வது முற்றிலும் சரி. ‘நாங்கள் ஜெபித்தோம், அதனால் காப்பாற்றப்பட்டோம்’ என்று மேடையில் நின்று சாட்சி சொல்லும்போதுதான், கீழே உட்கார்ந்திருக்கும் விதவையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. அவளும் ஜெபித்திருந்தாள். நன்றியை ஒரு காரணகாரியச் சூத்திரமாக மாற்றாமல் சொல்லப் பழகுவது இத்தகைய ஊர்களில் சிறிய மரியாதை அன்று.

வழியை உண்டுபண்ணுகிறவர்கள்

அடைக்கலப் பட்டணத்துக்கு வழி அமைக்கும் கடமை ஊருக்கு இருந்ததைப் பார்த்தோம். யோசுவா 20-இல் இன்னும் துல்லியமாக இருக்கிறது: ஓடிவந்தவன் பட்டண வாசலில் நின்று தன் காரியத்தைப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் அவனை உள்ளே சேர்த்துக்கொண்டு, குடியிருக்க இடம் கொடுக்க வேண்டும். கடவுள் தரும் அடைக்கலம் மனிதர்களின் வாசல் வழியாகவே அவனுக்குக் கிடைக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பள்ளிகளும் கோவில்களும் முகாம்களாயின. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் போய், தாங்கள் அதுவரை பார்த்திராத தெருக்களில் துடுப்புப் போட்டு ஆட்களை மீட்டார்கள்.

இதைவிட மெதுவாக நடக்கும் வேலையும் உண்டு. கடலில் காணாமல் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், அவரை இறந்தவராகக் கருதச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டுகள் கேட்கிறது. ஒக்கிக்குப் பிறகு அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்த வேண்டியிருந்தது. அப்போதும் மனு எழுதவும், படகில் உடன் போனவர்களிடம் வாக்குமூலம் வாங்கவும், வங்கிக் கணக்கையும் குடும்ப அட்டையையும் மாற்றவும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவும் ஆள் தேவைப்பட்டது. கணவனை இழந்து, கைக்குழந்தையோடு, தாலுகா அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் பெண்ணுக்கு 46-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுபவர், ஆதார் நகலையும் மனுவையும் தாமே எடுத்துக்கொண்டு, அவள் வேலை முடியும்வரை அந்த வராந்தாவில் கூட நிற்கவும் வேண்டும்.